பிரேக் இன்ஸ்பெக்டர் பதில்கள்: நம்பர் பிளேட் யாருடையது?

போன இதழில் இன்ஷூரன்ஸ் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கடைசி வரியில் “அப்புறம் சார், நம்பர் பிளேட் விஷயம்...” என்று ஒரு வாலோடு வந்தன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே என்று வைத்துவிட்டேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்தியிருக்கிறேன். புது வாசகர்களுக்காக ஒன்று: என் பழைய வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் எங்கள் தெருவில் வழி சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

பல்லடம், கல்லூரி மாணவர்: பைக்கின் பின்னால் நம்பரைச் சாய்வெழுத்தில் ஸ்டைலாக எழுதி, ஓரத்தில் எனக்குப் பிடித்த நடிகரின் படம் ஒட்டியிருந்தேன். 500 ரூபாய் ஃபைன் போட்டுவிட்டார்கள். என் வண்டி, என் காசு. எழுத்து எப்படி இருந்தால் இவர்களுக்கு என்ன சார்?

வண்டி உங்களுடையதுதான் தம்பி. நம்பர் உங்களுடையது இல்லை. அதை ஒதுக்கியது அரசாங்கம், படிக்கப்போவது ஊரார். வண்டியில் நீங்கள் உட்கார்ந்துவிட்டால் உங்கள் நம்பர் பிளேட் உங்கள் கண்ணுக்கே தெரியாது. பின்னால் வருகிறவருக்கும், எதிரே வருகிறவருக்கும், ரோட்டோரம் நிற்கிறவருக்கும்தான் தெரியும். அதனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையை உங்களிடம் விடவில்லை.

விஷயம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் இருக்கிறது. 50-வது விதி பிளேட் எப்படி இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்கிறது. 51-வது விதி எழுத்தின் அளவைச் சொல்கிறது. உங்கள் பைக்கின் பின்பக்கத்துக்கு என்ன கணக்கு என்றால், எழுத்துகளின் உயரம் 35 மில்லிமீட்டர், எண்களின் உயரம் 40 மில்லிமீட்டர். இரண்டுக்கும் கோட்டின் கனம் 7, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி 5. முன்பக்கம் உயரம் 30, கனம் 5, இடைவெளி 5. கார், பஸ், லாரி என்றால் உயரம் 65, கனம் 10, இடைவெளி 10. 70 சி.சி.க்குக் குறைந்த மொபெட்டுக்கு மட்டும் முன்னால் 15 மில்லிமீட்டர் போதும் என்று தயவு காட்டியிருக்கிறார்கள்.

உயரத்தில் பெரும்பாலும் யாரும் தப்பு செய்வதில்லை. தகராறு எல்லாம் கனத்திலும் இடைவெளியிலும்தான். பணியில் இருந்தபோது என் சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். ஸ்டைல் எழுத்து என்று ஸ்டிக்கர் கடையில் வெட்டிக் கொடுப்பதை அளந்தால், கோடு மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது. பகலில், கடை வாசலில், கைக்கு எட்டும் தூரத்தில் அழகாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். 1-ஐ வெறும் கோடாக இழுத்திருந்தால் அது பிளேட்டின் விளிம்போடு சேர்ந்து காணாமல் போகும். சாய்த்து எழுதிய 5, பாதிக் கண்ணுக்கு 6. ஒரு வண்டி இடித்துவிட்டுப் போகிறது, கீழே கிடக்கும் மனிதருக்கு அதைப் பார்க்க இரண்டு விநாடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விநாடிக்காகத்தான் இந்த 7 மில்லிமீட்டர்.

அலங்கார எழுத்து கூடாது, பிளேட்டில் வேறு படமோ சித்திரமோ பெயரோ இருக்கக் கூடாது என்பதும் விதியிலேயே உண்டு. அதனால் நடிகரும் கிடையாது, குலதெய்வமும் கிடையாது, ‘அம்மாவின் ஆசி’யும் கிடையாது. 8055 என்ற எண்ணை வாங்கி ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று படிக்கிற மாதிரி வளைத்து எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். சோதனையில் முதலில் நிறுத்தப்படுகிற பாஸும் அவர்தான்.

500 ரூபாய் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவு, முதல் முறைக்கு. மறுபடி மாட்டினால் 1,500. படத்தை டேங்கில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கும்பகோணம், தமிழாசிரியர்: தமிழ்நாட்டில் ஓடும் வண்டிக்குத் தமிழில் நம்பர் எழுதினால் என்ன தவறு? என் ஸ்கூட்டரில் ‘த.நா.’ என்றுதான் எழுதியிருந்தேன். மாற்றச் சொல்கிறார்கள்.

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. விதி உங்கள் பக்கம் இல்லை. எழுத்து ஆங்கிலத்தில், எண் நாம் அன்றாடம் எழுதும் 1, 2, 3 வடிவத்தில் என்று 50-வது விதி ஒரே வரியில் முடித்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் மராத்தியில் எழுதிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

எனக்கு இது மொழிப் பிரச்சினையாகத் தோன்றியதில்லை. நாமக்கல் லாரி நாக்பூரில் ஒருவரை இடித்துவிட்டால், அங்கே டீக்கடையில் நிற்கிறவர் அந்த நம்பரைப் படித்துச் சொல்ல வேண்டும். அதே மாதிரி, கும்பகோணம் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒடியா எழுத்தில் நம்பர் எழுதிய வண்டி ஒன்று உங்கள் மாணவனை இடித்துவிட்டுப் போனால் நீங்கள் போலீஸில் என்ன சொல்வீர்கள்?

பின் கண்ணாடியில், பக்கவாட்டில், மட்கார்டில் ஒரு குறள் எழுதுங்கள். அதற்கு யாரும் குறுக்கே வர மாட்டார்கள். நம் ஊர் லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்தே நான் பல பயணங்களை ஓட்டியிருக்கிறேன்.

நாகர்கோவில், இல்லத்தரசி: 2022-ல் வாங்கிய ஸ்கூட்டர். மழையில் வழுக்கி விழுந்ததில் பின்னால் இருந்த நம்பர் பிளேட் உடைந்துவிட்டது. அச்சு அசல் அதே மாதிரி, ‘ஐ.என்.டி.’ எழுத்தோடு நானே செய்து தருகிறேன் என்கிறார் ஸ்டிக்கர் கடைக்காரர். செய்துகொள்ளலாமா?

வேண்டாம்மா. பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கும். அசல் இல்லை.

2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புது வண்டிகளுக்கு எச்.எஸ்.ஆர்.பி. எனப்படும் உயர் பாதுகாப்பு பிளேட்டைக் கம்பெனியே கொடுத்தாக வேண்டும். உங்கள் வண்டிக்கு வந்தது அதுதான். உடைந்த துண்டு கையில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு, மூலைகள் கையைக் கிழிக்காதபடி உருண்டிருக்கும். இடது மேல் மூலையில் 20-க்கு 20 மில்லிமீட்டரில் அசோகச் சக்கரம் போட்ட ஹாலோகிராம். அதை ஒட்டவில்லை, சூடாக அழுத்தியிருக்கிறார்கள்; நகத்தால் சுரண்டினால் வராது. இடது பக்கத்திலேயே நீல நிறத்தில் ‘ஐ.என்.டி.’ எழுத்துகள். இடது கீழ் மூலையை உற்றுப் பார்த்தால் லேசரில் பொறித்த சின்ன எழுத்துகளும் எண்களுமாகக் குறைந்தது பத்து இடம் கொண்ட ஒரு வரிசை இருக்கும். முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு வேறு ஒன்று. இந்த நாட்டில் அதே வரிசை இன்னொரு பிளேட்டில் இருக்கக் கூடாது. இந்த வரிசை உங்கள் வண்டியின் பதிவோடு சேர்த்துக் கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஸ்டிக்கர் கடைக்காரரால் செய்ய முடியாத காரியம் அது ஒன்றுதான்.

இன்னும் ஒன்று உண்டு. கறுப்பாகத் தெரியும் எழுத்தின் மேல் சாய்த்துப் பார்த்தால் 45 டிகிரி சரிவில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப ஓடும். கடையில் செய்யும் நகலில் பெரும்பாலும் வெறும் கறுப்புதான் இருக்கும்.

உடைந்த பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு, வண்டி வாங்கிய கம்பெனியின் டீலரிடம் போங்கள். அங்கே பணம் கட்டினால் மாற்றுப் பிளேட் வரவழைத்து மாட்டிக் கொடுப்பார்கள். வெளியில் எடுத்து வந்து நீங்களாக ஆணி அடிக்க முடியாது. பின் பிளேட்டைப் பிடித்திருப்பது ஸ்நாப் லாக். ஒரு முறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், மறுபடி பயன்படாது. திருடன் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பிளேட் உடையாமல் தொலைந்து போயிருந்தால் மட்டும் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்த பிளேட் எங்கே, எந்த வண்டியில், எதற்காக முளைக்கும் என்று சொல்ல முடியாது.

மதுரை, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: என்னுடையது 2011 மாடல் கார். பழைய பிளேட்தான். புதுப் பிளேட் போடாவிட்டால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறது. கூடவே பணம் கட்டச் சொல்லி ஒரு லிங்க்கும் வருகிறது.

அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். முதல் பதில் அது.

இந்தப் பிளேட்டின் கதை நீளமானது. 2001-லேயே விதியைத் திருத்தி உயர் பாதுகாப்பு பிளேட் வேண்டும் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. டெண்டர், வழக்கு, மேல்முறையீடு என்று பத்து வருஷம் ஓடியது. பயங்கரவாத எதிர்ப்பு முன்னணித் தலைவர் மணீந்தர்ஜித் சிங் பிட்டா உச்ச நீதிமன்றத்துக்குப் போக, நீதிமன்றம் மாநிலங்களைக் கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டது. 2018 டிசம்பரில் விதியை மறுபடி திருத்தி, புது வண்டிக்குக் கம்பெனியே பொறுப்பு என்று ஆக்கிய பிறகுதான் காரியம் நடந்தது. நான் ஒரு துறையில் வேலை பார்த்தவன், இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு தகரத் துண்டுக்கு இத்தனை வருஷம் அதிகம்தான்.

பழைய வண்டி விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கர்நாடகாவும் மகாராஷ்டிரமும் 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்குக் கெடு வைத்தன, கெடு வந்ததும் நீட்டின. உங்கள் விஷயத்தில் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பு எதுவோ அதை மட்டும் நம்புங்கள். உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டாத எதையும் வாட்ஸப் ஒட்ட முடியாது. இப்போதைக்கு உங்கள் பழைய பிளேட் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக, 65 மில்லிமீட்டர் அளவில், தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் கம்பி பம்பர் ஏதாவது மாட்டி நம்பரை மறைத்திருந்தால் அதைக் கழற்றுங்கள். அந்தக் கம்பிக்கும் தடை இருக்கிறது. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

கரூர், எட்டாம் வகுப்பு மாணவி: தாத்தா, நம்பர் பிளேட்டில் எத்தனை கலர் இருக்கிறது? பச்சை பிளேட் எதற்கு?

இந்த இதழில் எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். உட்கார், சொல்கிறேன்.

வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. ‘ஓன் போர்டு’ என்று டிரைவர்கள் சொல்வார்கள். மஞ்சளில் கறுப்பு என்றால் வாடகைக்கோ சரக்குக்கோ ஓடுவது, ‘டி போர்டு’. கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கும் கார். பச்சை, பேட்டரி வண்டிக்கு: சொந்த வண்டியானால் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டியானால் பச்சையில் மஞ்சள் எழுத்து. இது 2018-ல் வந்தது. மஞ்சளில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு. சிவப்பில் வெள்ளை எழுத்து இன்னும் விற்காமல் டீலரிடம் இருக்கும் வண்டி.

நீலத்தில் வெள்ளை எழுத்தைக் கரூரில் பார்க்கக் கிடைக்காது. சென்னைக்கு வந்தால் அண்ணா மேம்பாலம் பக்கம் நின்று பார். வெளிநாட்டுத் தூதரக வண்டிகள் அவை. முதலில் வரும் எண் நாட்டைச் சொல்லும். 77 என்றால் அமெரிக்கா. ராணுவ வண்டியில் மேலே பார்க்கிற அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை ஆர்.டி.ஓ. பதிவு செய்வதில்லை, பாதுகாப்பு அமைச்சகமே செய்கிறது.

குடியரசுத் தலைவர், ஆளுநர் கார்களில் வெகுகாலம் நம்பருக்குப் பதில் சிங்கச் சின்னம்தான் இருந்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், அவர்களும் நம்பர் போட வேண்டும் என்றுவிட்டது.

அடுத்த முறை அரசு பஸ்ஸில் ஏறும்போது நம்பரைப் பார். நம் மாநிலத்தில் அரசு போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு ‘என்’ வரிசை, அரசுத் துறை ஜீப்புகளுக்கு ‘ஜி’ வரிசை. டி.என். 47 என்றால் உங்கள் கரூர். வகுப்பில் யாருக்கும் தெரியாததைக் கேள்: ஆங்கிலத்தில் எந்த இரண்டு எழுத்து பி.எச். வரிசையின் கடைசியில் வராது? ஐ-யும் ஓ-வும். ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பிவிடும் என்பதால். (அந்த பி.எச். என்ன என்று கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், பார்.)

கோவை, பொதுத்துறை அதிகாரி: மூன்று வருஷத்துக்கு ஒரு மாநிலம் என்று மாற்றுகிறார்கள். போகிற இடத்திலெல்லாம் நம்பர் மாற்ற வேண்டுமா?

சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பர் வாங்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்காக 2021 செப்டம்பரில் பி.எச்., அதாவது பாரத் வரிசை வந்தது. முதலில் பதிவான வருஷத்தின் கடைசி இரண்டு எண், பிறகு பி.எச்., நான்கு இலக்க எண், ஆங்கில எழுத்துகள் என்று இருக்கும். வெள்ளையில் கறுப்புதான். அரசு ஊழியர், பொதுத்துறை, ராணுவம், அப்புறம் நான்கு மாநிலத்துக்குக் குறையாமல் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர் வாங்கலாம். வரியை ஒரேயடியாகக் கட்டாமல் இரண்டு இரண்டு வருஷமாகக் கட்டலாம். பழைய வண்டியையும் இதற்கு மாற்ற 2022 டிசம்பரில் வழி திறந்துவிட்டார்கள்.

நெல்லிக்குப்பம், கரும்பு விவசாயி: டிராக்டருக்கு ஒரு நம்பர், டிரெய்லருக்கு ஒரு நம்பர். எதை எங்கே எழுதுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நல்ல கேள்வி அண்ணாச்சி. இதைச் சரியாக எழுதியிருக்கிற டிரெய்லரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் 61-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. டிரெய்லரின் சொந்த நம்பர் அதன் பக்கவாட்டில். இழுத்துப் போகும் டிராக்டரின் நம்பர் டிரெய்லரின் முதுகில். இரண்டு டிரெய்லர் கோத்திருந்தால் கடைசி டிரெய்லரின் முதுகில். காரணம் எளிது: பின்னால் வருகிறவருக்கு டிராக்டரின் சொந்தப் பிளேட் தெரியவே தெரியாது.

இன்றைக்கு இந்த டிராக்டர், நாளைக்கு மாமன் வீட்டு டிராக்டர் என்று மாற்றி மாட்டுவீர்கள், அப்போது நம்பர்? தனித் தகட்டில் எழுதி, மாட்டிக் கழற்றுகிற மாதிரி இரண்டு கொக்கி அடித்துக்கொள்ளுங்கள். டிராக்டர் மாறும்போது தகடும் மாறும்.

உங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய தொல்லை வேறு. அரவை சீசனில் தோகையோடு கரும்பைப் பின்னால் நாலடி தொங்கவிட்டு ஏற்றுகிறீர்கள். நம்பரும் மறைகிறது, சிவப்பு விளக்கும் மறைகிறது. பின் நம்பர் இரவில் வெள்ளை வெளிச்சத்தில் 15 மீட்டர் தூரத்துக்குப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று விளக்குகளுக்கான விதி சொல்கிறது. அந்த விளக்கு எரிகிற டிரெய்லர் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஆலைக்குப் போகும் வண்டியின் பின்னால் பைக்கில் வருகிறவருக்குக் கடைசி வரைக்கும் தெரிவது இருட்டுதான். தொங்கும் கரும்பை வெட்டி ஏற்றுங்கள். டிரெய்லரின் பின்பக்கத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள். கட்டாய சோதனைக்காகச் சொல்லவில்லை. பைக்கில் வருகிறவர் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

சென்னை, மருந்து விற்பனைப் பிரதிநிதி: நம்பர் பிளேட்டில் ஓரமாக ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘வக்கீல்’ என்று ஒட்டிக்கொண்டு போகிறவர்களை யாரும் கேட்பதில்லையே?

கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 மே 2 முதல் தனியார் வண்டிகளில் இந்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினால் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. ஸ்டிக்கர் எங்கே ஒட்டலாம் என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்பர் பிளேட்டில் ஒட்டுவதற்கு வாதமே இல்லை, அது 1989 விதியிலேயே முடிந்த கதை. ‘பிரஸ்’ என்று எழுதிய வண்டி ஒன்றை நிறுத்திக் கேட்டபோது, “அயர்ன் பண்ற கடை வெச்சிருக்கேன் சார்” என்று ஒருவர் சொன்னதாக எங்கள் துறையில் ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை, கெடுப்பானேன்.

தென்காசி, பலசரக்குக் கடைக்காரர்: நான் மெட்ராஸ் பக்கம் போயே பல வருஷம் ஆகிறது. ஹெல்மெட் போடாமல் அங்கே பைக் ஓட்டினேன் என்று என் போனுக்கு சலான் வருகிறது. என்ன செய்ய?

பயப்படாதீர்கள், சும்மாவும் இருந்துவிடாதீர்கள். முதலில் சலானில் இருக்கும் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

ஒன்று, யாரோ ஒருவர் ஸ்டைலாக எழுதியிருந்த நம்பரைக் கேமரா தப்பாகப் படித்திருக்கும். மேலே பல்லடம் தம்பிக்குச் சொன்னேனே, அந்த 3-ம் 8-ம். அவர் ஸ்டைலுக்கு நீங்கள் ஃபைன் கட்டுகிறீர்கள். போட்டோவில் இருப்பது வேறு கம்பெனி வண்டி, வேறு நிறம் என்றால் விஷயம் சுலபம். இ-சலான் இணையதளத்திலேயே புகார் பதிய இடம் இருக்கிறது. உங்கள் ஆர்.சி., உங்கள் வண்டியின் முன்பக்க, பின்பக்கப் போட்டோ இரண்டையும் ஏற்றுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் சிக்கல். போட்டோவில் அதே கம்பெனி, அதே நிறம், உங்கள் நம்பர் தெளிவாக இருக்கிறது என்றால், உங்கள் நம்பரை எழுதிக்கொண்டு இன்னொரு வண்டி ஓடுகிறது. திருட்டு வண்டிக்கு நல்ல வண்டியின் நம்பரைப் போடுவது பழைய வழக்கம். அன்றைக்கே உள்ளூர் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சலான் நாளில் நீங்கள் தென்காசியில் இருந்ததற்கு ஏதாவது தடயம் வையுங்கள்: கடை பில், பெட்ரோல் பங்க் ரசீது, எதுவானாலும். ஹெல்மெட் ஃபைன் ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டித் தொலைத்துவிட வேண்டாம். கட்டினால் அது நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. நாளைக்கு அதே வண்டியில் ஒருவன் சங்கிலி பறித்தால், முதலில் உங்கள் கடை வாசலுக்குத்தான் ஜீப் வரும்.

சேலம், டாக்ஸி ஓட்டுநர்: கார் கண்ணாடியில் இடது பக்கம் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் எதற்கு? வெயிலில் மங்கிவிட்டது, கிழித்துவிடலாமா?

கிழித்தால் தானாகவே கந்தலாகிவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சட்டத்தின் கணக்கில் அது மூன்றாவது நம்பர் பிளேட். உங்கள் பதிவு எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், முன்னும் பின்னும் இருக்கும் பிளேட்டுகளின் லேசர் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஆரஞ்சு என்றால் டீசல், வெளிர் நீலம் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி., மற்றவற்றுக்குச் சாம்பல். மங்கியிருந்தால் டீலரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிவகாசி, அச்சகத் தொழிலாளி: ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டுவோம். ஒரு வாரம் அப்படியே இருக்கும். அதற்குக்கூடவா கேஸ் போடுவார்கள்?

நானே எங்கள் ஆபீஸ் ஜீப்புக்குப் பொட்டு வைத்தவன்தான். பூஜை அன்றைக்கு யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்பார்கள்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பொட்டை நம் ஆட்கள் எண்ணுக்கு நடுவில் சரியாக வைப்பார்கள். சந்தனம் காய்ந்து இறுகிவிடும். குங்குமம் மழையில் கரைந்து வழியும். எச்.எஸ்.ஆர்.பி. பிளேட்டின் மேல் இருப்பது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஷீட். காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் அந்த ஷீட்டும் சேர்ந்து கிழியும். ஹாலோகிராம் மேல் பொட்டு வைத்துவிட்டு, அதைத் தேய்த்துத் தேய்த்துச் சக்கரத்தையே அழித்தவர்கள் உண்டு. பாத்திரம் தேய்க்கிற நார் வேண்டவே வேண்டாம், ஈரத் துணி போதும்.

பொட்டை ஹெட்லைட்டுக்கு மேலே, ஹேண்டில் பாரில், டேங்கில் வையுங்கள். காராக இருந்தால் பானெட்டில். வாழைக்கன்றை மறுநாள் காலையில் அவிழ்த்து மாட்டுக்குப் போடுங்கள். எலுமிச்சம்பழம் டயருக்குக் கீழே வைப்பதற்கு எந்த விதியும் இல்லை, நசுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.